நினைவகத்தை மாற்றிய பின்

நுழையும்முன்

வீட்டுக் கணினி மெதுவாக இயங்கத் தொடங்கினால் அதன் நினைவகத்தைக் கூட்டுவது பலரும் மேற்கொள்ளும் வழியாகும். ஒரு திருப்புளியும் அரைமணி நேரமும் போதும் எனத் தோன்றும் இப்பணி, சில வேளைகளில் நன்கு இயங்கிய கணினியையே முடக்கிவிடுகிறது. அவ்வாறு முடங்கிய கணினியை எங்கிருந்து ஆராயத் தொடங்குவது, எதனை ஐயுறுவது, எந்தச் சான்று கிடைத்தபின் ஒரு முடிவுக்கு வருவது என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

நீர்மேல் எழுத்து

நினைவு, அகம் என்னும் இரு சொற்கள் சேர்ந்து ‘நினைவகம்’ என்னும் கலைச்சொல் பிறந்தது. அழகிய சொல்லே, எனினும் சற்று மயக்கம் தருவது. நினைவு என்றவுடன் நெடுநாள் நிலைத்திருப்பது என்னும் பொருளே நம் மனத்தில் எழுகிறது. அலைபேசியில் படங்கள் நிறைந்து இடம் இல்லாதபோது ‘மெமரி ஃபுல்’ என்று நாம் கூறுவதும் இம்மயக்கத்தால்தான். படங்கள் தங்கும் இடம் சேமிப்பகம். ‘ரேம்’ என வழங்கும் நினைவகமோ, கணினி வேலை செய்துகொண்டிருக்கும்போது மட்டும் தேவைப்படும் தரவுகளைத் தாங்குவது. வகுப்பறைக் கரும்பலகையை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் எழுதுகிறார், பயன் முடிந்ததும் அழிக்கிறார், மீண்டும் எழுதுகிறார். பலகை சிறிதாயின் அழிப்பதிலும் எழுதுவதிலுமே பாடவேளை கழிந்துவிடும். நினைவகம் போதாத கணினி மெதுவாக இயங்குவதும் இதனால்தான்.

இன்றைய நினைவகத்தின் அடிப்படை அமைப்பை உருவாக்கியவர் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த இராபர்ட் டென்னார்டு. 1968ஆம் ஆண்டு அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு நுண்ணிய மின்தேக்கியும் சேர்ந்தது ஒரு நினைவகச் சிற்றறை. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லையெனில் 0. இத்தகைய சிற்றறைகள் 4 ஜிபி ரேமில் 3,435 கோடிக்கும் மேல் உள்ளன. ஒவ்வொன்றிலும் உள்ள மின்னூட்டம் ஓயாது கசிந்துகொண்டே இருக்கும். எனவே 64 மில்லிநொடிகளுக்குள் ஒருமுறை எல்லாச் சிற்றறைகளும் படிக்கப்பெற்று மீண்டும் நிரப்பப்பெற வேண்டும். அதாவது, நொடிக்குப் பதினைந்து முறைக்கு மேல் தன்னைத்தானே திரும்ப எழுதிக்கொள்ளும் ஏடு இது. நீர்மேல் எழுத்து என்று நிலையாமைக்கு உவமை கூறுவர். அந்த எழுத்தை அழியவிடாமல் எழுதிக்கொண்டே இருப்பதைத்தான் நாம் நினைவகம் என்கிறோம். இத்துணை நுட்பமான ஒன்றில் ஒரே ஒரு தொடுமுனை சரியாகப் படியாவிட்டாலும் என்ன நேரும் என்பதை இனிக் காண்போம்.

ஒரு வீட்டில் நிகழ்ந்தது எனக் கொள்வோம்

மேனிலை முதலாம் ஆண்டு மாணவி ஒருவரின் வீட்டில் பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய மேசைக்கணினி ஒன்று உள்ளது எனக் கொள்வோம். தந்தையின் மளிகைக்கடைக் கணக்கு, அக்காள் திருமணப் படங்கள், மாணவியின் செயல்திட்டக் கட்டுரை ஆகிய எல்லாம் அதனுள்தான் இருக்கின்றன. அதில் டிடிஆர் 3 வகையைச் சேர்ந்த 4 ஜிபி ரேம் அட்டை ஒன்று உள்ளது. தாய்ப்பலகையில் ரேம் பொருத்தும் செருகுவாய்கள் இரண்டு. கடைக்காரர்கள் இவற்றை ஸ்லாட் என்பர். முதலாவதில் அட்டை இருக்கிறது. இரண்டாவது, வாங்கிய நாள் தொட்டு வெறுமையாக இருக்கிறது. மாணவி மற்றொரு 4 ஜிபி அட்டையை வாங்கிவந்து அவ்வெற்றிடத்தில் பொருத்துகிறார். கணினியை இயக்குகிறார். விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கருமையாகவே இருக்கிறது. பெட்டிக்குள்ளிருந்து ‘பீப்’ என்னும் ஒலி விட்டுவிட்டுக் கேட்கிறது.

உடனே வீட்டில் ஆளுக்கொரு காரணம் பிறக்கும். ‘வாங்கிய ரேம் போலி’ என்பார் ஒருவர். ‘மதர்போர்டு போய்விட்டது’ என்பார் மற்றொருவர். ‘நன்றாக ஓடியதை ஏன் திறந்தாய்?’ என்பது பெற்றோரின் கேள்வி. இவற்றுள் ஒன்று உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் இவை கருத்துகளே அன்றிச் சான்றுகள் அல்ல. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் அறிவோம். ஒன்றற்குப் பின் நிகழ்ந்தது என்பது வேறு. ஒன்றனால் நிகழ்ந்தது என்பது வேறு. மேலும், இங்கே நிகழ்ந்த மாற்றம் ஒன்றன்று. புதிய அட்டை வந்தது உண்மை. அத்துடன் பெட்டி திறக்கப்பட்டது, கம்பிகள் விலக்கப்பட்டன, பத்தாண்டுத் தூசி கலைந்தது, பழைய அட்டையின் மீதும் கை பட்டிருக்கலாம். ஐயத்திற்குரியவர் பலர் இருக்கும்போது முதலில் கண்ணில் பட்டவரைக் குற்றவாளி ஆக்குவது முறையன்று.

அந்தப் பீப் ஒலியைப் பற்றிச் சற்றுக் கூற வேண்டும். பலர் அதனைக் கேட்டதும் அஞ்சி மின்சாரத்தை நிறுத்திவிடுகின்றனர். உண்மையில் அது கணினி நமக்கு வழங்கும் முதல் சான்று. கணினியை இயக்கியதும், இயக்க அமைப்பு எழுவதற்கு முன்பே, தாய்ப்பலகையில் உள்ள பயாஸ் என்னும் நிரல் செயலியையும் நினைவகத்தையும் திரைக்கான இணைப்பையும் சோதிக்கிறது. திரையில் எழுத்தைக் காட்டும் நிலைக்கு வருமுன்னரே தடை ஏற்பட்டால் அது வேறு எவ்வாறுதான் தெரிவிக்கும்? ஒலியால் தெரிவிக்கிறது. எத்தனை ஒலி, நெடிலா குறிலா என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். இப்பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால் தாய்ப்பலகையின் கையேட்டைப் பார்த்தே அறிய வேண்டும். ஒலிப்பான் இல்லாத புதிய பலகைகள் பலவற்றில் இதற்கெனச் சிறு விளக்குகள் இருக்கின்றன.

மீண்டும் திறக்கும் முன்

கணினியை அணைத்தால் மட்டும் போதாது. மின்செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். பின்னர், இயக்கும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் பலகையில் எஞ்சிய மின்னூட்டம் வடிந்துவிடும். 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறத்தல் கூடாது. செருகியைக் கழற்றிய பின்னும் அதனுள் உயிருக்கு ஊறு செய்யும் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

மற்றோர் எச்சரிக்கை கண்ணுக்குத் தெரியாதது பற்றியது. நெகிழி இருக்கையிலிருந்து எழும்போதும் பாலியஸ்டர் ஆடை உரசும்போதும் நம் உடலில் நிலைமின்னூட்டம் சேர்கிறது. ஏறத்தாழ 3,000 வோல்ட்டை எட்டினால்தான் அது விரலில் சுரீரென்று நமக்குத் தெரியும். மின்னணுச் சில்லுகளுள் சிலவோ அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவிலேயே பழுதாகிவிடும். அதாவது, நாம் உணராமலேயே ஒரு ரேம் அட்டையைக் கெடுத்துவிட முடியும். ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் இவ்விடர் குறைவு. குளிரூட்டிய உலர்ந்த அறைகளில் மிகுதி. கணினிப் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்ட பின்பே அட்டையைத் தொடுதலும், பொன்முலாம் பூசிய தொடுமுனைகளில் விரல் படாமல் ஓரங்களைப் பிடித்தலும் போதிய காப்பாகும்.

ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் அருகில் இருக்கட்டும். எதனைக் கழற்றினோம், எங்கே பொருத்தினோம், என்ன நிகழ்ந்தது என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதிவிட வேண்டும். மூன்றாவது முயற்சிக்குப் பின் நம் நினைவை நம்ப முடியாது என்பதைப் பழுது பார்ப்போர் அனைவரும் அறிவர்.

பழைய நிலைக்குத் திரும்புதல்

முதற்செயல், நன்றாக இயங்கிய கடைசி நிலைக்குக் கணினியைக் கொண்டுசெல்வதாகும். புதிய அட்டையைக் கழற்றிவிட்டுப் பழையதை அதன் பழைய இடத்திலேயே வைத்து இயக்க வேண்டும். இப்போதும் கணினி எழவில்லை எனில், புதிய அட்டைமீது மட்டும் பழி சுமத்த முடியாது. பழைய அட்டை சற்று நகர்ந்திருக்கலாம். செயலிக்கு மின்சாரம் தரும் கம்பி தளர்ந்திருக்கலாம். சேமிப்பகத்தை இணைக்கும் மெல்லிய பட்டைக்கம்பி கை பட்டுக் கழன்றுவிட்டால் திரை தோன்றும். ஆனால் இயக்க அமைப்பைக் காணவில்லை என்னும் செய்தி வரும். நினைவகத்தை மாற்றப்போய் வேறொரு கம்பியைக் கழற்றிவிட்டு, நாள் முழுவதும் நினைவகத்தையே ஐயுறுவோர் உண்டு.

நம் மாணவியின் கணினி பழைய அட்டையுடன் வழக்கம்போல் எழுகிறது. இது பெரிய செய்தி. கோப்புகள் பாதுகாப்பாக உள்ளன. தாய்ப்பலகையும் செயலியும் இயங்குகின்றன. இனிப் புதிய அட்டையைப் பற்றி ஆராயலாம்.

அட்டை நம் கணினிக்கு உரியதுதானா என்பது அடுத்த வினா. டிடிஆர் 3 அட்டைக்கு 240 தொடுமுனைகள், 1.5 வோல்ட் மின்னழுத்தம். டிடிஆர் 4 அட்டைக்கு 288 தொடுமுனைகள், 1.2 வோல்ட். டிடிஆர் 5 அட்டைக்கும் 288 தொடுமுனைகளே, மின்னழுத்தம் 1.1 வோல்ட். ஒரு தலைமுறைக்குரிய அட்டை மற்றொரு தலைமுறைக்குரிய செருகுவாயில் நுழைந்துவிடாதிருக்க, அதன் அடியில் உள்ள வெட்டு ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடத்தில் அமைக்கப்பட்டுள்ளது. வெட்டு பொருந்தாவிடில் அழுத்தக் கூடாது. அழுத்தினால் செருகுவாய் உடையும்.

ஆனால், உள்ளே நுழைவதெல்லாம் ஒத்துப்போகும் என்பதில்லை. பயன்படுத்திய பொருள்கள் விற்கும் சந்தைகளில் சேவையகக் கணினிகளிலிருந்து கழற்றிய அட்டைகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றுள் பலவற்றின் வெட்டும் முனைகளும் வீட்டுக் கணினியின் அட்டையைப் போன்றே இருக்கும். வீட்டுக் கணினியில் அவை இயங்கா. டிடிஆர் 3 வகையில், ஏஎம்டி செயலி உள்ள கணினிக்கு மட்டுமே பொருந்தும் அட்டைகளும் உண்டு. அட்டையின் மீது ஒட்டியுள்ள சிறு தாளை வாங்குமுன் படிப்பது, வாங்கியபின் விலையைப் பற்றி வருந்துவதைக் காட்டிலும் எளிது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையவழியில் வாங்கினாலும் இது பொருந்தும்.

மாணவி வாங்கிய அட்டை சரியானதே. அதனை மீண்டும் இரண்டாம் செருகுவாயில் வைத்து, இருபுறத் தாழ்களும் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும் வரை அழுத்துகிறார். முதன்முறை செய்வோர் உடைந்துவிடுமோ என்று அஞ்சிப் பாதியிலேயே நிறுத்திவிடுவது இயல்பு. தேவைப்படும் அழுத்தம் நாம் எதிர்பார்ப்பதைவிடச் சற்று மிகுதிதான். இம்முறை கணினி எழுகிறது. திரையில் 8 ஜிபி என்று காட்டுகிறது. பெட்டி மூடப்படுகிறது. வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி.

இவ்விடத்தில் சிலருக்கு வேறொரு குழப்பம் எழும். 8 ஜிபி பொருத்தியும் 4 ஜிபிக்குக் குறைவாகவே பயன்படுகிறது என்று காட்டும். இயக்க அமைப்பு 32 பிட் வகையாக இருந்தால் அது பொதுவாகக் கையாளக்கூடிய முகவரிகள் 2இன் 32ஆம் அடுக்கு, அதாவது 4,294,967,296 மட்டுமே. இது பழுதன்று, 64 பிட் இயக்க அமைப்புக்கு மாறினால் தீரும்.

எழுந்தும் பிழைக்கும் கணினி

கணினி எழுந்துவிட்டால் பழுது நீங்கிவிட்டது என்று கருதுவதுதான் இப்பணியில் நேரும் பெரும்பிழை. எழாத கணினி எதனையும் கெடுப்பதில்லை, அமைதியாக இருக்கிறது. பழுதான நினைவகத்துடன் எழுந்த கணினியோ நம் கோப்புகளைச் சிறிது சிறிதாகக் கெடுக்கும். அதுவும் நாமே ‘சேமி’ என்று கட்டளை இட்டபின் கெடுக்கும்.

மூன்று நாள் கழிகிறது. சுருக்கி வைத்த கோப்பு ஒன்று திறக்க மறுக்கிறது. உலாவி தானாக மூடிக்கொள்கிறது. நீலத்திரை தோன்றிக் கணினி மீண்டும் தொடங்குகிறது. மறுநாளும் நீலத்திரை தோன்றுகிறது, ஆனால் அதில் உள்ள செய்தி வேறு. இந்த ‘வேறு’ என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஒரே மென்பொருள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிழைத்தால் ஐயம் அம்மென்பொருளின் மீது செல்லும். தொடர்பற்ற மென்பொருள்கள் வெவ்வேறு வகையில் பிழைத்தால், அவை அனைத்திற்கும் பொதுவான ஒன்றை ஐயுற வேண்டும். நினைவகம் எல்லாவற்றுக்கும் பொது.

ஒரு கோப்பைத் திருத்தும்போது அது நினைவகத்தில்தான் இருக்கிறது. சேமிக்கும்போது அங்கிருந்துதான் சேமிப்பகத்திற்குச் செல்கிறது. இடையில் ஒரு பிட் மாறினாலும் மாறியதே உண்மை என எழுதப்பட்டுவிடும். எண்களைக் கணினி எழுத்தாகக் குறிக்கும்போது 1 என்பது 00110001 எனவும் 9 என்பது 00111001 எனவும் அமையும். ஒப்பிட்டுப் பாருங்கள்; வேறுபாடு ஒரே ஒரு பிட். தந்தையின் கணக்கில் 1,500 ரூபாய் 9,500 ரூபாயாக மாற அது போதும். தமிழ் எழுத்துகளும் இதற்கு விலக்கல்ல. ஒருங்குறியில் ‘ஔ’ எழுத்துக்கு அடுத்த எண்ணைப் பெற்றது ‘க’. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு கடைசிப் பிட் மட்டுமே. ‘கடல்’ என்று எழுதிச் சேமித்தது ‘ஔடல்’ என்று திரும்பலாம். இத்தகைய எழுத்துப்பிழையைக் கண் உடனே கண்டுகொள்ளும். கணக்குப் புத்தகத்தில் மாறிய எண்ணை அவ்வாறு கண்டுகொள்ளாது.

தெரியுமா?

2003ஆம் ஆண்டு மே 18 அன்று பெல்ஜியம் நாட்டில் நடைபெற்ற தேர்தலில், ஸ்கார்பேக் என்னும் பகுதியில் வேட்பாளர் ஒருவருக்குக் கணினி 4,096 வாக்குகளைக் கூடுதலாகக் காட்டியது. அவர் பெறக்கூடியதைவிட வாக்குகள் மிகுதியாக இருந்தமையால்தான் பிழை வெளிப்பட்டது. 4,096 என்பது 2இன் 12ஆம் அடுக்கு. நிரலில் குறை எதுவும் காணப்படாத நிலையில், நினைவகத்தில் ஒரு பிட் தானாக மாறியிருக்க வேண்டும் என ஆராய்ந்தோர் கருதினர். இத்தகைய பிழைகளைத் தாமே கண்டு திருத்தும் நினைவகங்களும் உள்ளன. ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 பிட்டுகளைக் கூடுதலாகக் கொண்ட அவை சேவையகங்களில் பயன்படுகின்றன. வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் இல்லை.

ஆகவே, நினைவகத்தின் மீது ஐயம் எழுந்தவுடன் செய்யக் கூடாதவை சில உள்ளன. இயக்க அமைப்பை மீண்டும் நிறுவக் கூடாது. சேமிப்பகத்தைப் பழுதுநீக்கும் நிரலை இயக்கக் கூடாது; பழுதான நினைவகத்தைக் கொண்டு அந்நிரல் செய்யும் திருத்தமே புதிய பிழையாகிவிடும். பென்டிரைவில் உள்ள பழைய நகலின் மேல் புதிய நகலை எழுதக் கூடாது. பதற்றத்தில் பலர் முதலில் செய்வன இம்மூன்றுமே. ஐயம் தீரும் வரை புதிய அட்டையைக் கழற்றிவிட்டு, பழைய அட்டையுடன் பழைய இடத்தில் மட்டும் கணினியைப் பயன்படுத்துவது நலம்.

இடத்தை மாற்றிச் சோதித்தல்

நினைவகத்தைச் சோதிப்பதற்கென்றே நிரல்கள் உள்ளன. விண்டோஸ் இயக்க அமைப்பில் அதற்கான கருவி உடன் வருகிறது. மெம்டெஸ்ட்86 போன்றவற்றைப் பென்டிரைவிலிருந்து, இயக்க அமைப்பின் உதவி இல்லாமலே இயக்கலாம். இவை செய்வது எளிய வேலை. எல்லாச் சிற்றறைகளிலும் 0 எழுதிப் படிக்கும். பின் 1 எழுதிப் படிக்கும். பின் 0101 என மாற்றி மாற்றி எழுதிப் படிக்கும். எழுதியதும் படித்ததும் ஒன்றாக இல்லையெனில் அதனைப் பிழை எனக் காட்டும். பக்கத்துச் சிற்றறை மாறும்போது மட்டுமே தடுமாறும் சிற்றறைகளும் உண்டாதலால் பலவகைக் கோலங்களில் சோதிக்க வேண்டியுள்ளது. ஒரு சுற்று முடிய ஒரு மணி நேரத்திற்கு மேலும் ஆகலாம். இரவு உணவு முடிந்ததும் தொடங்கிவிட்டுக் காலையில் பார்ப்பது வசதி. இலட்சத்தில் ஒரு பிழைதானே என்று இங்கே சலுகை காட்ட இடமில்லை. வரவேண்டிய பிழைகளின் எண்ணிக்கை சுழியம். ஒன்று வந்தாலும் பழுதே.

இரண்டு அட்டைகளும் இருக்கும்போது மாணவியின் கணினி நூற்றுக்கணக்கான பிழைகளைக் காட்டுகிறது. ‘புதிய ரேம் கெட்டது, கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்’ என்பதே வீட்டாரின் தீர்ப்பு. மாணவி அதனை ஒத்திவைக்கிறார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிக்க முடிவு செய்கிறார்.

முதல் இரவு, பழைய அட்டை மட்டும் முதலாம் செருகுவாயில், பிழை இல்லை. இரண்டாம் இரவு, புதிய அட்டை மட்டும் இரண்டாம் செருகுவாயில், பிழைகள் வருகின்றன. இந்த இரண்டு இரவுகளோடு நிறுத்தியிருந்தால் வீட்டாரின் தீர்ப்பே உறுதியாகியிருக்கும். ஆனால், இவ்விரு சோதனைகளிலும் அட்டை மட்டும் மாறவில்லை; செருகுவாயும் மாறியுள்ளது. இரண்டு மாறினால் பழி எதனைச் சேரும் என்று கூற இயலாது. அறிவியல் பாடத்தில் ஆய்வுக்கூடச் சோதனைகளின்போது மற்றவற்றை நிலையாக வைத்து ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வதும் இதன்பொருட்டே.

மூன்றாம் இரவு, புதிய அட்டை முதலாம் செருகுவாயில். பிழை ஒன்றும் இல்லை. நான்காம் இரவு, பத்தாண்டுகளாகக் குறையின்றி உழைத்த பழைய அட்டை இரண்டாம் செருகுவாயில், பிழைகள் வருகின்றன. இப்போது நான்கு வரிகளையும் சேர்த்துப் படித்தால் ஐயத்திற்கு இடமில்லை. எந்த அட்டையை வைத்தாலும் முதலாம் செருகுவாய் சரியாக இயங்குகிறது. எந்த அட்டையை வைத்தாலும் இரண்டாம் செருகுவாய் பிழைக்கிறது. புதிய அட்டை குற்றமற்றது.

குறிப்பேட்டில் மற்றொரு சான்றும் இருந்தது. சோதனை நிரல் ஒவ்வொரு பிழைக்கும் எழுதிய மதிப்பு, படித்த மதிப்பு இரண்டையும் காட்டும். முகவரிகள் வெவ்வேறாக இருந்தும், மாறியது எப்போதும் ஒரே இடத்துப் பிட்டாக இருந்தது. ஓர் அட்டைக்கும் கணினிக்கும் இடையே தரவு 64 தடங்களில் செல்கிறது. ஒரு தடத்திற்கு ஒரு பிட். ஒரே முகவரியில் மட்டும் பிழை வந்தால் அங்குள்ள சிற்றறையை ஐயுறலாம். பல முகவரிகளில் ஒரே இடத்துப் பிட் பிழைத்தால், அத்தடத்தின் தொடுமுனை எங்கோ சரியாகப் படியவில்லை என ஊகிக்கலாம். இந்த ஊகத்தை நான்கு இரவுகளின் முடிவும் அரண் செய்கிறது. முதல்நாள் கணினி எழாமல் பீப் ஒலித்ததற்கும் மூன்று நாள் கழித்துக் கோப்பு திறக்க மறுத்ததற்கும் காரணம் ஒன்றே. முதல்நாள் தொடுமுனை அறவே படியவில்லை; மீண்டும் அழுத்தியபோது அரைகுறையாகப் படிந்தது.

பத்தாண்டுத் தூசி

வெறுமையாக இருந்த செருகுவாயில் பத்தாண்டுக் காலத் தூசி படிந்திருந்தது. கைவிளக்கின் ஒளியில் பார்த்தால் அது தெரியும். வாயால் ஊதக் கூடாது. எச்சிலின் ஈரம் தொடுமுனைகளில் படியும். மென்மையான தூரிகையாலோ, காற்றடிக்கும் கருவியாலோ தூசியை அகற்றலாம். அட்டையின் தொடுமுனைகளை அழிப்பான் கொண்டு தேய்க்கும் வழக்கம் பழுதுபார்க்கும் கடைகளில் பரவலாக உள்ளது. அதனால் பயன் கிடைப்பதும் உண்மையே. எனினும் பொன்முலாம் மிக மெல்லியது. அடிக்கடி தேய்த்தால் முலாம் போய்விடும், அழிப்பான் துகள்களும் செருகுவாய்க்குள் விழும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த நூலிழை உதிராத துணியே மேலானது. அது முற்றும் உலர்ந்த பின்னரே மின்சாரம் தர வேண்டும்.

தூய்மை செய்தபின் ஐந்தாம் இரவு பழைய அட்டையை இரண்டாம் செருகுவாயில் வைத்துச் சோதித்தால் பிழை இல்லை. இரண்டு அட்டைகளையும் வைத்து மேலும் இரண்டு இரவுகள், பிழை இல்லை. எல்லா வீடுகளிலும் இவ்வாறு முடியும் என்று கூற முடியாது. தாய்ப்பலகையின் பற்றவைப்பு விரிந்திருந்தால் தூய்மை செய்வதால் பயன் விளையாது. அப்போது அச்செருகுவாயை விட்டுவிட்டு, தாய்ப்பலகை ஏற்குமாயின் முதலாவதில் 8 ஜிபி அட்டை ஒன்றைப் பொருத்திக்கொள்வது சிக்கனமான வழி. பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்வதாயினும் அந்தக் குறிப்பேட்டையும் எடுத்துச்செல்லலாம். ‘கணினி சரியில்லை’ என்று கூறுவதற்கும், ‘எந்த அட்டையை வைத்தாலும் இரண்டாம் ஸ்லாட்டில் மட்டும் பிழை வருகிறது’ என்று கூறுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் நன்கு அறிவார். தேவையற்ற பொருளை மாற்றச் சொல்லவும் தயங்குவார்.

புதிய அட்டையைக் கடையில் திருப்பிக் கொடுத்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? மாற்றாகக் கிடைக்கும் அட்டையும் அதே செருகுவாயில் பிழைத்திருக்கும். நல்ல பொருளை விற்ற கடைக்காரருக்கு இருமுறை கெட்ட பெயர் கிடைத்திருக்கும்.

அந்த மூன்று நாள்கள்

கணினி சரியாகிவிட்டது. ஆனால், அரைகுறைத் தொடுமுனையுடன் அது இயங்கிய மூன்று நாள்களில் சேமிக்கப்பட்ட கோப்புகள் இன்னும் இருக்கின்றன. இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். கோப்புகளைத் திருத்திய நாள் வாரியாக வரிசைப்படுத்தினால் அந்த மூன்று நாள்களுக்கு உரியவை தனியே தெரியும். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். அந்நாள்களில் அலைபேசியிலிருந்து மாற்றிய படங்கள் இருந்தால், அலைபேசியில் உள்ள மூலப்படங்களை அதுவரை அழிக்காதிருக்க வேண்டும். சேமிப்பகத்தைப் பழுதுநீக்கும் நிரலையும், இயக்க அமைப்பின் கோப்புகளைச் சரிபார்க்கும் கருவியையும் இயக்குவதற்கு உரிய நேரமும் இதுவே. பென்டிரைவில் உள்ள பழைய நகலை அவ்வாறே வைத்துக்கொண்டு, புதிய நகலை வேறொரு பென்டிரைவில் எடுக்கலாம்.

கட்டுரையில் ஓரிரு சொற்கள் மாறியிருந்தால் படிக்கும்போதே புலப்படும். படம் கெட்டிருந்தால் பாதிக்குமேல் சாம்பல் நிறமாகத் தோன்றும். அல்லது திறக்கவே திறக்காது. கணக்குக் கோப்பு அவ்வாறன்று. எண் மாறியிருந்தாலும் திறக்கும், கூட்டுத்தொகையும் மாறிய எண்ணுக்கு ஏற்பச் சரியாகவே இருக்கும். அதற்குக் கணினியின் உதவியை நாட முடியாது. தந்தை கடையிலிருந்து கொண்டுவந்த ரசீதுப் புத்தகத்தை அருகில் வைத்துக்கொண்டு, ஒருவர் படிக்க ஒருவர் திரையைப் பார்த்து, அந்த மூன்று நாள் வரவையும் செலவையும் வரி வரியாக ஒப்பிட்டுவிட வேண்டும்.